மர வேலைக்கு புதுசா வர்றீங்களா, முதல் வருஷம் கீழயே நில்லுங்க

தம்பி, நீங்க கேட்டதை சுருக்கமா மறுபடி சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். பி.எஸ்சி பாட்டனி முடிச்சிட்டு மூணு வருஷமா ஒரு குடோன்ல வேலை பாக்குறீங்க, ஊரு திண்டிவனம் பக்கம், மரம் பராமரிக்கிறது, காடு வளர்க்கிறது மாதிரி வேலைக்கு வரணும்னு ஆசை, எந்த கோர்ஸ் படிக்கணும், முதல்ல எந்த மெஷின் வாங்கணும், இதுல பொழைக்க முடியுமா. இதான் கேள்வி. நான் இந்த வேலையில விழுப்புரம், புதுச்சேரி, சென்னைன்னு சுத்தி 19 வருஷம் ஆச்சு, முதல்ல நாலு வருஷம் நர்சரி, அப்புறம் கவாத்து, அதாவது கிளை கழிக்கிற வேலை, புயல்ல விழுந்த மரம் எடுக்கிறது, இப்போ பாதி நாள் காடு வளர்ப்பு. அதனால எனக்கு தெரிஞ்ச வரிசையில சொல்றேன், நீங்க கேட்ட வரிசையில வராது.

மெஷின் எதுவும் வாங்காதீங்க. முதல் ஒரு வருஷம் மரத்துல ஏறாம கீழ நில்லுங்க. இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன், மீதியெல்லாம் ஏன் அப்படி சொல்றேன்ங்கிறதுதான்.

நம்ம ஊர்ல மரம் வெட்டுற தொழில் எப்படி நடக்குதுன்னு பாத்திருப்பீங்க. வீட்டுக்காரர் கூப்பிடுவார், அண்ணே இந்த கிளை ஓட்டு மேல சாஞ்சிருக்கு, கழிச்சி விடுங்கன்னு. வர்றவர் கூலி கொஞ்சம் கம்மியா கேப்பார், ஆனா விறகு எனக்குன்னு சொல்வார். அங்கதான் மரத்தோட விதி முடியுது. ஏன்னா கூலி விறகுல இருக்குன்னா எவ்வளவு கழிக்கிறாரோ அவ்வளவு லாபம், ஒரு கிளை போதும்னு கூப்பிட்ட இடத்துல பாதி மரம் வண்டியில ஏறிப்போகும். வெட்டுறவர் கெட்டவர்னு சொல்ல வரல, அவருக்கு வாடகை வண்டி, ரெண்டு ஆளு கூலி எல்லாம் அந்த விறகுலதான் வரணும். ஆனா நீங்க மரத்தை பாத்துக்கிற வேலைக்கு வரணும்னா இந்த கணக்குல இருந்து முதல் நாளே வெளிய வந்துடணும். உங்க கூலி தனி, விறகு வீட்டுக்காரரோடது, எந்தெந்த கிளைன்னு சுண்ணாம்புல கோடு போட்டு காட்டிட்டு, அதை ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டுத்தான் ரம்பத்தை எடுக்கணும். இப்படி சொன்னா ஆரம்பத்துல பாதி பேர் வேற ஆளை பாத்துக்குவாங்க, பரவாயில்ல, மிச்ச பாதி பேர்தான் உங்க வாடிக்கை.

இப்போ மரத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பேசலாம், நீங்க பாட்டனி படிச்சதால சீக்கிரம் பிடிச்சுக்குவீங்க. நமக்கு காயம் பட்டா அந்த சதையே ஆறி பழையபடி ஆகுது. மரத்துக்கு அப்படி கிடையாது. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்ட கட்டைதான், அது மறுபடி உயிர் பெறாது, மரம் அதை சுத்தி சுவர் எழுப்பி உள்ள வச்சு மூடிடும். அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான மரத்தை பவர் சா வச்சு நீளவாக்குல பிளந்து பாத்து இதை விளக்கினார், 1977-ல அது வெளிவந்துச்சு, அதுக்கப்புறம் உலகம் பூரா கவாத்து பண்ற முறையே மாறிப்போச்சு. அழுகல் மேலயும் கீழயும் பரவாம ஒரு சுவர், உள்பக்கம் போகாம ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, காயத்துக்கு அப்புறம் புதுசா வளர்ற கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவுல ஒண்ணு, மொத்தம் நாலு. கடைசி சுவர்தான் ரொம்ப பலம். உள்ள பொந்தா போன புளியமரம் நூறு வருஷம் நிக்குறது இதனாலதான்.

இது தெரிஞ்சா எங்க வெட்டணும்ங்கிறது தானா வந்துடும். கிளை தண்டுல சேர்ற இடத்துல ஒரு சின்ன வீக்கம் மாதிரி மடிப்பு இருக்கும், சட்டை காலர் மாதிரி. அந்த காலர் தண்டோட சொத்து, கிளையோடது இல்ல. மூடுற வேலையை பண்றதும் அதுதான். நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா பாக்க சுத்தமா இருக்கணும்னு தண்டோட ஒட்டி வழிச்சு வெட்டிடுவாங்க, காலரும் போயிடும், காயம் மூணு மடங்கு பெருசாகும், அழுகல் நேரா தண்டுக்குள்ள இறங்கும். இல்லன்னா ஒரு அடி கட்டையை விட்டு வெட்டுவாங்க, அந்த குச்சி செத்து, அது வழியா அழுகல் உள்ள போகும். காலருக்கு வெளிய, காலரை தொடாம, அவ்வளவுதான். நான் கவாத்துக்கு வந்த ரெண்டாவது வருஷம் ஒரு பள்ளிக்கூட வாசல்ல இருந்த வேம்புல நாலு கிளையை தண்டோட ஒட்டி வழிச்சு வெட்டினேன், பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு, எல்லாரும் பாராட்டினாங்க. ஏழு வருஷம் கழிச்சு அந்த பக்கம் போனப்போ நாலு இடத்துலயும் பொந்து, விரலை விட்டா தூளா கொட்டுது. அந்த மரம் இன்னும் இருக்கு, ஆனா அதுக்கு கீழ பிள்ளைங்க நிக்குறதை பாத்தா எனக்கு இப்பவும் மனசு சரியில்லாம போகும்.

கனமான கிளைன்னா ஒரே வெட்டுல எடுக்காதீங்க. காலர்ல இருந்து ஒரு அடி தள்ளி முதல்ல கீழ இருந்து மேல கொஞ்சம் அறுக்கணும், கால் பங்கு போதும். அதுக்கு இன்னும் ரெண்டு மூணு விரக்கடை வெளிய தள்ளி மேல இருந்து அறுத்தா கிளை ஒடிஞ்சு விழும், பட்டை உரிஞ்சு தண்டு வரைக்கும் கிழியாது, கீழ் வெட்டு அதை நிறுத்திடும். மிச்சமிருக்கிற முண்டு கட்டையை அப்புறம் நிதானமா காலருக்கு வெளிய எடுக்கலாம். வெட்டின இடத்துல தார் பூசுறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் தேவையில்ல, தார் போட்டா உள்ள ஈரம் நின்னு கெடுதல்தான். மா, முந்திரி தோப்புல பூஞ்சாணத்துக்கு போர்டோ பசை தடவுறது வேற விஷயம், அது அந்த பயிருக்கான வைத்தியம்.

மொட்டை அடிக்கிறது பத்தி ஒரு வார்த்தை. கரண்ட் கம்பி, புயல் பயம், இலை கொட்டுதுன்னு புகார், எதுவா இருந்தாலும் தலையை சீவிடுவாங்க. சீவின மரம் பயந்து போய் தூங்குற மொட்டுகளையெல்லாம் எழுப்பி கொத்து கொத்தா குச்சி விடும், பாக்க பச்சையா இருக்கும், பரவாயில்லயே துளிர்த்துடுச்சேன்னு சொல்வாங்க. அந்த குச்சி எதுவுமே உள் கட்டையில வேர் விட்ட மாதிரி பிடிச்சு நிக்குறதில்ல, மேல்பட்டைக்கு கீழ ஒட்டிக்கிட்டு நிக்கும், கீழ அழுகல் வேற. நாலு வருஷம் கழிச்சு அது கிளை கனத்துக்கு வந்ததும் காத்துக்கு அப்படியே பிய்ச்சுக்கிட்டு வரும். பாதுகாப்புக்குன்னு பண்ணின வேலை ஆபத்தா முடியுது. ஒரே தடவையில மரத்தோட பச்சையில கால் பங்குக்கு மேல எடுக்காதீங்க, வயசான மரத்துல அதுவும் ஜாஸ்தி.

சரி, ஏன் கீழ நிக்கச் சொல்றேன். மரத்தோட பாதி விஷயம் கீழதான் இருக்கு. வேர் ரொம்ப ஆழம் போகும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, பெரும்பாலான வேர் மேல் ரெண்டு அடி மண்ணுலதான் இருக்கும், ஆனா கிளை விரிஞ்சிருக்கிற அளவையும் தாண்டி ரெண்டு மூணு மடங்கு தூரம் ஓடும். இது தெரியாம அடிமரத்தை சுத்தி சிமென்ட் போடுறது, கார் நிறுத்தி மண்ணை இறுக்குறது, வடிகாலுக்கு பொக்லைன் வச்சு ஒரு பக்க வேரை மொத்தமா அறுக்கிறது. வேர் அறுத்த மரம் அன்னிக்கு விழாது. ரெண்டு மழை கழிச்சு, எல்லாரும் மறந்ததுக்கு அப்புறம், ஒரு நாள் ராத்திரி ஈர மண்ணுல சாயும். 2013-ல தேசிய பசுமை தீர்ப்பாயம் டெல்லி வழக்குல மரத்தை சுத்தி ஒரு மீட்டர் சிமென்ட் இல்லாம விடணும்னு உத்தரவு போட்டுச்சு. நம்ம தெருவுல போய் பாருங்க, எத்தனை மரத்துக்கு ஒரு சாண் இருக்குன்னு.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னிக்கும் அதுக்கப்புறம் மூணு வாரமும் நான் சென்னையில இருந்தேன். தெருத்தெருவா குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி விழுந்து கிடந்துச்சு. வெளிநாட்டு மரம் அதனால விழுந்துச்சுன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. அதுல உண்மை இருக்கு, குல்மோகர் கட்டை லேசு, வேரும் மேலாப்புல ஓடும். ஆனா நான் தூக்கிப்போட்ட மரத்தோட வேர்த்தட்டை ஒவ்வொண்ணா பாத்தேன், ஒரு பக்கம் கட்டிங் மெஷின்ல அறுத்த தழும்பு, இன்னொரு பக்கம் நர்சரி பையில இருந்தப்பவே சுருண்டுபோன வேர், அதே வட்டத்துல முப்பது வருஷமா தடிச்சு நிக்குது. அந்த மரம் நட்ட அன்னிக்கே விழ ஆரம்பிச்சிருக்கு. அதனால நர்சரியில இருந்து கன்னு வாங்குறப்போ பையை கிழிச்சு பாருங்க, வேர் அடியில சுருண்டிருந்தா அந்த சுருளை வெட்டி விட்டுத்தான் நடணும், ரொம்ப சுருண்டிருந்தா அந்த கன்னே வேணாம். நடும்போது தண்டும் வேரும் சேர்ற இடம் மண் மட்டத்துக்கு மேல தெரியணும், கழுத்து வரைக்கும் புதைக்கக் கூடாது.

கீழ நிக்கிற ஆளுக்கு என்ன வேலைன்னா, கயிறு பிடிக்கிறது, தழையை இழுத்து ஓரம் போடுறது, ரோட்டுல போறவங்களை நிறுத்துறது, மேல இருக்கிறவர் கேக்குறதை கட்டி அனுப்புறது. இதுதான் பெரிய படிப்பு. கிளை விழறப்போ எப்படி சுத்துது, அடிக்கனம் எந்த பக்கம் இழுக்குது, கயிறை தண்டுல ரெண்டு சுத்து போட்டு எப்படி நிதானமா விடுறது, இதெல்லாம் ஒரு வருஷம் கையில பிடிச்சாத்தான் வரும். மேல போறவரோட உசிரு கீழ நிக்கிறவர் கையில. கத்துக்க வேண்டிய முடிச்சு அஞ்சாறுதான், போலைன், எட்டு முடிச்சு, கிளவ் ஹிட்ச், புருசிக், பிளேக்ஸ் ஹிட்ச், கண்ணை மூடிக்கிட்டு போட வரணும், மழையில கை விறைச்சிருக்கும்போதும் போட வரணும்.

அதோட கீழ நிக்கிறவர்தான் மரத்தை படிக்கணும். ஏறுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சுத்தி வாங்க. அடியில ஒரு பக்கம் மண் வெடிச்சிருக்கா, அரைவட்டமா தட்டு மாதிரி காளான் ஒட்டிக்கிட்டு இருக்கா, ரெண்டு தண்டு வி எழுத்து மாதிரி ஒட்டிப்போய் நடுவுல பட்டை உள்ள மடிஞ்சிருக்கா, ரப்பர் சுத்தியல்ல தட்டினா எங்க பானை சத்தம் வருது. பொந்து இருந்தாலே வெட்டணும்னு இல்ல. ஜெர்மனியில கிளாஸ் மாத்தெக்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்ன ஒரு தோராய கணக்கு இருக்கு, சுத்தி இருக்கிற நல்ல கட்டை மரத்தோட ஆரத்துல மூணுல ஒரு பங்காவது இருந்தா குழாய் மாதிரி அது தாங்கும். இதையே வேதவாக்கா எடுக்காதீங்க, பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தா கணக்கு மாறும், ஆனா பொந்துன்னதும் கோடாரியை தூக்குறவங்களுக்கு பதில் சொல்ல இது உதவும். அந்த பொந்துல கிளியோ ஆந்தையோ குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கலாம், அப்படி இருந்தா அவசரம் இல்லாத வேலையை ரெண்டு மாசம் தள்ளி வைங்க. தேன்கூடு, கதண்டுக் குளவிக் கூடு இருக்கான்னு பாக்காம ஏறின ஒரே தப்புக்கு ஆள் போயிருக்காங்க. கயித்துல தொங்குறப்போ கதண்டு வந்தா ஓட இடம் கிடையாது.

கரண்ட் விஷயத்துல சமரசமே வேணாம். கம்பிக்கு பத்து அடிக்குள்ள கிளை இருந்தா இ.பி. ஆளுங்க வந்து லைனை நிறுத்தி எல்.சி., அதாவது லைன் க்ளியர், கொடுத்ததுக்கு அப்புறம்தான் தொடணும். வீட்டுக்காரர் நான் ஃபியூஸ் பிடுங்கிட்டேன்னு சொல்வார், அது அவர் வீட்டுக்குத்தான், மேல போற லைனுக்கு இல்ல. பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் கரண்ட் கடத்தும். என் கூட வேலை பாத்த ஒரு பையனுக்கு மூங்கில் தொரட்டி உயர் அழுத்த லைன்ல பட்டு வலது கையில ரெண்டு விரல் போச்சு, அன்னிக்கு காலையில மழை பெஞ்சிருந்துச்சு, மூங்கில்தானேன்னு நினைச்சோம்.

ஏறுறது எப்படி கத்துக்கிறதுன்னா நம்ம ஊர்லயே பெரிய வாத்தியாருங்க இருக்காங்க, தளை போட்டு பனை ஏறுறவங்க, தென்னை ஏறுறவங்க. உடம்பை மரத்தோட எப்படி வைக்கிறது, கால்ல நம்பி கையை எப்படி விடுறதுங்கிறதை அவங்ககிட்ட கத்துக்குங்க, ஆனா இடுப்புல கயிறு இல்லாம ஏறுறதை மட்டும் கத்துக்காதீங்க. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல இருந்து தென்னை மரங்களின் நண்பர்கள்னு ஒரு பயிற்சி நடத்துது, மெஷின் வச்சு ஏற சொல்லிக்கொடுப்பாங்க, ஆறு நாள், இன்சூரன்ஸும் உண்டு, பக்கத்துல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க. அது நல்ல தொடக்கம். ஆனா ஆலமரம், புளியமரம் மாதிரி கிளை விட்ட மரத்துக்கு அது செட்டாகாது, அதுக்கு கயித்துல ஏறணும். மணல் பை கட்டின மெல்லிசு நூலை உயரக் கிளையில எறிஞ்சு, அதுல 12, 13 மில்லிமீட்டர் கயித்தை இழுத்து மேல மாட்டி, இடுப்புல பெல்ட் போட்டு போறது. ரம்பத்தை எடுக்கும்போது ஏறுற கயிறு ஒண்ணு, மரத்தை சுத்தி இன்னொரு பட்டை ஒண்ணுன்னு எப்பவும் ரெண்டு இடத்துல மாட்டியிருக்கணும், ஒண்ணை தெரியாம அறுத்தாலும் இன்னொண்ணு தாங்கும். ஆணி வச்ச ஷூ போட்டு ஏறுறது வெட்டப்போற மரத்துக்கு மட்டும்தான். உயிரோட இருக்கப்போற மரத்துல ஒவ்வொரு ஆணிக்குழியும் ஒரு காயம், தென்னை பனையில அந்த குழி மூடவே மூடாது, அதுங்களுக்கு நம்ம வேம்பு மாதிரி தண்டு தடிக்கிற அடுக்கே கிடையாது.

கையில முதல்ல ஒரு நல்ல மடக்கு ரம்பம் வாங்குங்க, இழுக்கும்போது வெட்டுற வகை. மணிக்கட்டு கனம் கிளை வரைக்கும் அதுவே போதும், கவாத்துல முக்கால்வாசி வேலை அந்த அளவுதான். பவர் சா ரெண்டாவது வருஷம். அப்பவும் செயின் ஓடுற பார் 14, 16 இன்ச் போதும், பெருசு வேணாம். அதை வாங்குற காசுல பாதி பாதுகாப்பு சாமானுக்கு எடுத்து வைங்க, தாடை பெல்ட் உள்ள ஹெல்மெட், கண்ணுக்கு வலை, காதுக்கு மஃப், பூட்ஸ், அப்புறம் செயின் படாம இருக்கிற கால்சட்டை. அந்த கால்சட்டைக்குள்ள நீள நீளமா நார் இருக்கும், செயின் பட்டா நார் போய் சுத்திக்கிட்டு மெஷினை நிறுத்திடும். வெயில்ல வேகும்தான், வேர்வை ஊத்தும்தான், கழட்டாதீங்க. பார் நுனியோட மேல் பாதி எதுலயும் படக்கூடாது, பட்டா மெஷின் அப்படியே முகத்துக்கு எகிறும். கம்பெனி டூ ஸ்ட்ரோக் ஆயில்னா பெரும்பாலும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, கையேட்ட பாத்துக்குங்க. தினம் காலையில அரம் போடுங்க. செதில் செதிலா விழுந்தா செயின் கூர்மை, மாவு மாதிரி விழுந்தா மழுங்கிடுச்சு, மழுங்கின செயினை அழுத்தி அறுக்கிறப்போதான் விபத்து. ஏணி மேல நின்னுக்கிட்டு பவர் சா ஓட்டுறதை எங்க பாத்தாலும் அந்த இடத்தை விட்டு நகந்துடுங்க.

புயல் வேலை ரொம்ப தனி. தானே, வர்தா, கஜா மூணுக்கும் போயிருக்கேன், 2018 நவம்பர் கஜாவுல வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு மொத்தமா சாஞ்சு கிடந்ததை பாத்து அழுத ஆளுங்களோட உக்காந்து சோறு தின்னிருக்கேன். அந்த மாதிரி நேரத்துல எல்லாரும் அவசரப்படுத்துவாங்க. விழுந்த மரம் செத்த மரம் இல்ல, வில்லு மாதிரி இழுத்து வச்ச மரம். வளைஞ்சு அழுத்திக்கிட்டு இருக்கிற கிளையில உள்வளைவு நசுங்கி நிக்கும், வெளிவளைவு இழுத்துக்கிட்டு நிக்கும். நசுங்குற பக்கம் முதல்ல கொஞ்சம் அறுத்துட்டு, அப்புறம் இழுக்குற பக்கம் கொஞ்சம் கொஞ்சமா, ஓரமா நின்னு அறுக்கணும். வேர்த்தட்டோட சாஞ்ச மரத்தை அடியில அறுத்தா அந்த தட்டு சடார்னு பழையபடி குழிக்குள்ள எழுந்து உக்காரும், குழியில யாராவது நின்னா அவ்வளவுதான். அனுபவம் மூணு வருஷம் ஆகாம புயல் வேலைக்கு மெஷினோட போகாதீங்க, தழை இழுக்க போங்க. சின்ன மரம் சாஞ்சிருந்தா வேர் காயறதுக்குள்ள தலையை குறைச்சு நிமித்தி கட்டினா பல மரம் பொழைக்கும், யாரும் அதை பாக்குறதில்ல, எல்லாத்தையும் துண்டு போட்டுடுறாங்க.

காடு வளர்ப்பு பக்கம் வர்றேன், உங்க ஊருக்கு இது ரொம்ப கிட்ட. நம்ம சோழமண்டலக் கடற்கரை ஓரம் ஒரு காலத்துல இருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, வீரை, காசா, இரும்பிலி, உலக்கைப்பாலை, குருந்து, பூந்திக்கொட்டைன்னு குட்டையா அடர்த்தியா எப்பவும் பச்சையா நிக்கும். இப்போ மிச்சமிருக்கிறது கொஞ்சம்தான், அதுலயும் நிறைய ஐயனார் கோயில் காடா தப்பிச்சது. உங்களுக்கு பக்கத்துலயே கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கு, பி.எஸ்சி புத்தகத்துல கிடைக்காத பாடம் அங்க இருக்கு, மாசம் ஒரு தடவை போங்க, பத்து பத்து மரமா பேரு கத்துக்குங்க, எதுல எப்போ பூ, எப்போ பழம்னு நோட்டு போடுங்க. ஆரோவில் 1968-ல ஆரம்பிச்சப்போ அந்த செம்மண் மேடு அரிச்சு வெடிச்சு கிடந்துச்சு. அவங்க முதல்ல வரப்பு போட்டு மழைத்தண்ணியை நிறுத்தினாங்க, அப்புறம் வேகமா வளர்ற ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு நிழல் பண்ணினாங்க, அதை ஒர்க் ட்ரீன்னே கூப்பிடுவாங்க, அந்த நிழல்ல நம்ம மரத்தை வளர்த்தாங்க. 2011 டிசம்பர் தானே புயல்ல அந்த அகேசியா நிறைய சாஞ்சுது, அடியில வளர்ந்த வீரையும் இரும்பிலியும் வெளிச்சத்தை பிடிச்சு மேல வந்துச்சு. தண்ணி முதல்ல, நிழல் ரெண்டாவது, அப்புறம்தான் நீங்க ஆசைப்படுற மரம், இந்த வரிசையை மாத்தினா கன்னு கருகிடும்.

நர்சரியில சேருங்க, கூலி கம்மியா இருந்தாலும் சேருங்க. விதை பொறுக்கக் கத்துக்கிட்டா மரம் பாக்க கத்துக்குவீங்க. வேப்பங்கொட்டை, இலுப்பைக்கொட்டை எல்லாம் நாள் தாங்காது, பழம் விழுந்த கொஞ்ச நாள்லயே கழுவி நிழல்ல ஆற வச்சு விதைக்கணும், டப்பாவுல போட்டு வச்சு தை மாசம் எடுத்தா ஒண்ணும் முளைக்காது. கொன்றை மாதிரி தோல் கெட்டி விதையை வெந்நீர்ல போட்டு ஆற விட்டோ, ஒரு ஓரத்துல உரசியோதான் எழுப்பணும்.

களை எடுக்கிறதும் காட்டு வேலைதான், மலைப்பக்கம் போனா அதுதான் பெரிய வேலை. உண்ணிச்செடியை வெட்ட வெட்ட துளிர்க்கும், மண்ணுக்கு ஒண்ணு ரெண்டு இன்ச் கீழ, துளிர் கிளம்புற இடத்துக்கு அடியில வேரை வெட்டி செடியை தலைகீழா கவுத்து போட்டா திரும்ப வராது, இந்த முறையை டெல்லி பல்கலைக்கழகத்துல பேராசிரியர் சி.ஆர்.பாபு குழு உருவாக்கினது. மண்ணையும் கிளறாது. மஞ்சக்கொன்னைன்னு ஒரு அயல் மரம் முதுமலை, சத்தியமங்கலம் காட்டுல பரவி நிக்குது, அதுக்கு பட்டை உரிக்கிறது, வேரோட எடுக்கிறதுன்னு வேலை நடக்குது. நீலகிரியில சீகைன்னு சொல்ற வாட்டில் மரம். 2022-ல தமிழ்நாடு அரசு அயல் தாவரம் அகற்றவும் காட்டை மீட்கவும் கொள்கையே கொண்டு வந்துச்சு, அதே வருஷம் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்கணும்ங்கிறது இலக்கு. அதனால இந்த பக்கம் ஆள் தேவை இருக்கு, ஆனா பெரும்பாலும் கான்ட்ராக்ட், திட்டக் காசு வர்றப்போ வேலை, இல்லாதப்போ இல்ல.

கோர்ஸ்னு கேட்டா, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில நாலு வருஷ வனவியல் பட்டம் இருக்கு, உங்களுக்கு இனி அது தேவையில்ல. கோயம்புத்தூர்ல வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் நர்சரி, மர வளர்ப்பு பத்தி பயிற்சி நடத்துவாங்க, அறிவிப்பை பாத்துக்கிட்டே இருங்க. அரசு வேலையா காட்டுக்குள்ள போகணும்னா வனக்காப்பாளர் வேலைக்கு இப்போ குரூப் 4 தேர்வு வழியா எடுக்குறாங்க, ஆனா அது காவல் வேலையும் சேர்ந்தது. மர வைத்தியத்துக்கு உலக அளவுல மதிப்பு இருக்கிறது ஐ.எஸ்.ஏ. (இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்சர்)னு 1924-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சங்கத்தோட ஆர்பரிஸ்ட் சான்றிதழ், பரீட்சை எழுத மூணு வருஷ முழுநேர அனுபவமோ, சம்பந்தப்பட்ட படிப்பும் கொஞ்சம் அனுபவமுமோ வேணும். அதுக்காகவாவது முதல் நாள்ல இருந்து என்னிக்கு எந்த மரத்துல என்ன வேலைன்னு டைரி எழுதி போட்டோ எடுத்து வைங்க. அந்த டைரிதான் பின்னாடி வாடிக்கையாளர்கிட்ட உங்க சான்றிதழ்.

அனுமதி விஷயம் தெரியாம மாட்டிக்காதீங்க. சந்தனம் சொந்த நிலத்துல நின்னாலும் வனத்துறையை கேக்காம தொட முடியாது. மலைப்பகுதின்னா 1955-ல வந்த மரப் பாதுகாப்பு சட்டம் இருக்கு, அங்க கமிட்டி அனுமதி இல்லாம வெட்ட முடியாது. அரசு இடம், ரோட்டோரம், பள்ளிக்கூடம்னா மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேணும். அந்த பேப்பரை கண்ணால பாத்து போட்டோ எடுத்துக்கிட்டுத்தான் வேலை, வாய்வார்த்தையை நம்பாதீங்க, கடைசியில ரம்பம் கையில இருக்கிறவர் பேருதான் வழக்குல வரும்.

பொழைக்க முடியுமா. முதல் ரெண்டு வருஷம் குடோன் சம்பளத்தை விட கம்மியாத்தான் வரும், வீட்ல அதை மறைக்காம சொல்லிடுங்க. ஆறு மாசச் செலவுக்கு கையில வச்சுக்கிட்டு வேலையை விடுங்க, இல்லன்னா ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு டீமோட கீழ நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். எனக்கு இப்போ நிரந்தரமா வர்ற காசு வெட்டுறதுல இல்ல, அப்பார்ட்மென்ட், ஸ்கூல், ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல வருஷம் ரெண்டு தடவை எல்லா மரத்தையும் பாத்து எழுதிக் கொடுக்கிறதுல வருது, மழைக்கு முன்னாடி ஒண்ணு, கோடைக்கு முன்னாடி ஒண்ணு. பத்து மரத்துல எட்டுக்கு ஒண்ணும் பண்ண வேணாம்னுதான் எழுதுவேன். அதுக்கு காசு கொடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன், கொடுக்குறாங்க, ஏன்னா மரம் விழுந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு பயம் இருக்கு, நிக்கும்னு ஒருத்தர் பொறுப்பா பாத்து சொல்றது அவங்களுக்கு வேணும். அந்த எட்டு மரம் நிக்குதுல்ல, அதுக்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில இருக்கேன்.

இப்போ ஆனி மாசம், வேப்பம்பழம் விழ ஆரம்பிச்சிருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஒரு சாக்கு எடுத்துக்கிட்டு போய் நல்லா ஓங்கி வளர்ந்த, அடித்தண்டு நேரா இருக்கிற மரத்துக்கு கீழ மட்டும் பொறுக்குங்க, சதையை கழுவிட்டு அன்னிக்கே நிழல்ல பரப்புங்க, பத்து நாளைக்குள்ள ஐம்பது பையில போட்டுடுங்க. ஐப்பசி மழைக்கு அது நடுற பருவத்துக்கு வந்துடும். அதுல எத்தனை முளைச்சுது, எத்தனை செத்துது, ஏன் செத்துதுன்னு எழுதி வச்சு எனக்கு அனுப்புங்க, அடுத்து என்ன பண்றதுன்னு அதை பாத்துட்டு பேசுவோம்.